நாலு பக்கமும் கதிரைகள்

தொண்ணூறுகளின் நடுவில் நானும் எங்கள் ஊர் அக்கா ஒருவரும், புலம்பெயர்ந்து வந்த பார்க்டேலில் ஒரு தேவாலய மண்டபத்தைத் துப்புரவு செய்தோம். வியாழன் பின்னேரத்துக்குப் 'பாட்டு' என்று வேலைத் தாளில் எழுதியிருந்தது. கச்சேரியாக்கும் என்று நினைத்து, எல்லாக் கதிரைகளையும் மேடையைப் பார்த்து வரிசையாக வைத்தோம்.

அங்கே ஓர்கன் வாசிக்கும் அம்மா வந்து பார்த்துச் சிரித்தார். பிறகு தானே கதிரைகளை இழுத்து, நடுவைப் பார்த்தபடி நாலு பக்கமும் வைத்தார். கேட்க ஒருவரும் வருவதில்லை, வருகிற எல்லோரும் பாடுகிறவர்கள்தான் என்றார்.

அவருடைய மனம் ஓர்கனில் இல்லை, இந்தப் பாட்டில்தான் இருந்தது. வாத்தியம் கிடையாது. புத்தகத்தில் சுரங்கள் வடிவங்களாக இருக்கும். முக்கோணம் ஃபா, வட்டம் சோல், சதுரம் லா, வைரம் மி. முதலில் இந்தப் பெயர்களை மட்டும் பாடுவார்கள். பிறகுதான் சொற்கள்; எல்லாம் கிறிஸ்தவ வேதத்துச் சொற்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குரல், அதற்கென்று தனி மெட்டு. எல்லோரும் முழுத் தொண்டையில் பாடுவார்கள்.

"உவை பாடுகினமோ, சண்டை பிடிக்கினமோ?" என்பார் அக்கா.

ஒருநாள் கடும் பனி. பெண்களின் தாழ்ந்த குரல் பக்கத்துக்கு ஒருவருமே வரவில்லை. ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் பாட முடியாது என்று அந்த அம்மா புத்தகத்தை மூடினார். வாரம் முழுக்க இதற்காகக் காத்திருப்பவர். மூடிய புத்தகத்தோடு என்னிடம் வந்தார். தரை துடைக்கும்போது அந்தப் பக்கத்துச் சுரங்களை நான் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறாராம். வந்து இருக்க முடியுமா என்று கேட்டார்.

நான் அக்காவிடம் ஓடினேன். என் நெற்றியில் திருநீறு.

"வேதத்திலை சேர்த்துப்போடுவினமோ, அக்கா?"

"உன்னைச் சேர்த்து அவைக்கு என்ன லாபம்? போடி, வாளியை நான் பாக்கிறன்."

போய் இருந்தேன். வடிவங்களைப் பாடினேன். சொற்கள் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டேன். என் பக்கம் அமைதியானது. அந்த அம்மா கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார். என்னால் எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்றைக்கு வடிவங்கள் மட்டும் போதும் என்று மற்றவர்களிடம் சொன்னார். அன்று எல்லாப் பாட்டையும் சொல்லே இல்லாமல் பாடினார்கள்.

அடுத்த வியாழன் அந்தப் பக்கத்துக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அவர் இன்னொரு கதிரையை இழுத்து வைத்தார். நான் இருந்தேன். சொற்கள் தொடங்கியதும் எழுந்து போய்த் தரையைத் துடைத்தேன். அடுத்த பாட்டுக்குத் திரும்பி வந்தேன். இரண்டு வருடம் அப்படித்தான். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.