வலப்பக்கம் தள்ளிய கேபினட்

பாட்டு பண்ண ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமென்று இன்று காலை சுங்குவார்சத்திரம் கடைக்குப் போனேன்.

"ரெடிமேடா எடுத்துக்கினு போ பா, தலவலி இல்ல" என்றார் கடைக்காரர்.

"அதுல மெமரி பத்தாதுண்ணே. பார்ட்ஸா குடுங்க, நானே மாட்டிக்கிடுதேன்" என்றேன். செல்போன் கம்பெனி அசெம்பிளி லைனில் நாலு வருஷம் ஸ்க்ரூ முடுக்கியவன் என்ற திமிர்.

"அப்ப இங்கியே மாட்டு, பாக்கறேன்" என்று மேசையை ஒதுக்கிக் கொடுத்தார்.

கை எதையும் மறக்கவில்லை. போர்டு, மெமரி, ஃபேன் எல்லாம் கேபினட் பெட்டிக்குள் சொன்னபடி உட்கார்ந்தன. கடைசி ஸ்க்ரூவை முடுக்கிய வேகத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல், கேபினட்டை வலப்பக்கம் தள்ளிவிட்டேன்.

லைனில் அப்படித்தான். தள்ளினால் அடுத்த கை வாங்கிக்கொள்ளும்.

இங்கே மேசை அதோடு முடிந்திருந்தது. கடைக்காரர் பாய்ந்து பிடித்தார்.

"இன்னா பா, யாருக்குத் தள்ற?"

கம்பெனி மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் வலப்பக்கம் இருந்த அக்காவின் முகம்கூடத் தெரியாது. அவருக்குப் பஸ் வேறு, சாப்பாட்டு நேரம் வேறு. லைனில் தொப்பியும் மாஸ்க்கும். நீல உறை போட்ட அந்தக் கையை மட்டும்தான் தெரியும்.

இப்போது அறையில் புது கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடுகிறது. முதல் தாளம் போட்டேன். எத்தனை தடவை மாற்றினாலும் லைன் ஓடிய வேகத்துக்கே வந்து நிற்கிறது.

அக்கா, இந்தப் பதிவு கண்ணில் பட்டால் கமெண்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் கையும் இன்னும் இடப்பக்கம் நீள்கிறதா?