ஜெபக் குறிப்பில் இல்லாத பெயர்

நாலு வருஷமா நம்ம சபையில நீங்க எல்லாரும் என் வீட்டுக்காரருக்காக ஜெபம் பண்றீங்க. கவுஞ்சியில இருந்து கொடைக்கானலுக்குக் காய்கறி ஜீப் ஓட்டின மனுஷன், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துட்டார். இன்னைக்கும் கட்டில்லதான் கெடக்கார். நான் சொல்ல வந்தது அவர் சுகத்தைப் பத்தி இல்ல. என்னைப் பத்தி.

வெள்ளனே எந்திரிச்சு அவரைத் துடைச்சு, கஞ்சி ஊட்டி, நாயுடுபுரத்து வீட்டுல இருந்து லாட்ஜுக்கு ஓடுவேன். ரூம் ரூமா பெட்ஷீட் மாத்துற சோலி. மதியம் வெரசா வந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும், மறுபடி ஓடணும். எந்நேரமும் நெஞ்சுக்குள்ள ஒரு பதட்டம். மூணாவது வருஷம் உடம்பெல்லாம் வலி. அப்புறம் மனசு மரத்துப்போய் எதுவுமே தெரியல. சோறு மண்ணு மாதிரி இருந்துச்சு. பைபிளைத் திறந்தா ஒரே வரியில கண்ணு நின்னுடும்.

தெரிஞ்ச அக்கா ஒருத்தர்கிட்ட சொன்னேன். "விசுவாசம் கொறைஞ்சா அப்படித்தான், இன்னும் முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணு"ன்னாங்க. நின்னேன். "ஆண்டவரே, நாளைக்கு நான் கண் முழிக்க வேணாம்"னுதான் வாயில வந்துச்சு. சொல்ல வெக்கமா இருக்கு. ஆனா உண்மை. ஒரு நாள் மட்டும் கூடவே இன்னொண்ணு கேட்டேன்: "இல்லேன்னா, என்னை யாராவது பாக்கட்டும்."

மார்கழியில ஒரு காலை, தண்ணியைச் சுட வைக்காமலே அவர் மேல ஊத்திட்டேன். அவர் கிடுகிடுன்னு நடுங்குறார். நான் பாத்துக்கிட்டே நின்னேன். எரக்கமே வரல. அவர் என் முகத்தைப் பாத்து அழுதார். குளிருக்கு அழுறார்னு நெனச்சேன்.

அன்னைக்குச் சாயங்காலம் பாஸ்டரம்மா ஜெபிக்க வந்து, வழக்கம்போல அவர் தலையில கை வச்சாங்க. அவர் நல்லா இருக்கற கையால அதைத் தள்ளிவிட்டார். வார்த்தை வார்த்தையா சொன்னார்: "எனக்கு... வேணாம். அவளுக்கு. அவ... செத்துக்கிட்டு இருக்கா. டாக்டர்."

பாஸ்டரம்மா திரும்பி என்னைப் பாத்தாங்க. நாலு வருஷத்துல முதல் தடவை.

மறுநாளே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. "சாகணும்போல இருக்காம்மா?"ன்னு அந்த டாக்டரம்மா நேராவே கேட்டாங்க. ஆமான்னேன். "என் விசுவாசம் செத்துப்போச்சா டாக்டர்?"

"இது வியாதிம்மா. அடி பட்டா வீங்குதில்ல, உடம்பு தன்னைக் காப்பாத்திக்கற வழி அது. வருஷக்கணக்கா ஓயாத கவலைன்னா அந்தக் காவல் வேலை அடங்காம ஓடிக்கிட்டே இருக்கும். சில பேருக்கு அது மூளையையும் தொடும். தூக்கம், பசி, பாசம் எல்லாம் மங்கிப்போகும். எல்லா மனச்சோர்வுக்கும் இதுதான் காரணம்னு சொல்ல முடியாது, இன்னும் ஆராய்ச்சி நடக்குது. ஆனா வைத்தியம் இருக்கு. உங்க பாரத்தையும் யாராவது பங்கு போட்டுக்கணும்."

மாத்திரை ஆரம்பிச்சேன். மூணு வாரம் ஒரு வித்தியாசமும் தெரியல. சபைப் பொம்பளைங்க முறை போட்டு வந்து அவரைப் பாத்துக்கிட்டாங்க. நான் தூங்கினேன். ஒரு நாள் அவர் வலியில முனகினப்ப எனக்கு நெஞ்சு பிசைஞ்சுது. ஐயோன்னு ஓடிப் பிடிச்சேன். அவரைக் கட்டிக்கிட்டு அழுதேன். நான் அழுது எத்தனையோ மாசம் ஆகியிருந்துச்சு.

அவருக்கு இன்னும் சுகமாகல. எனக்கும் இருட்டான நாள் வருது. மாத்திரை நிக்கல. ஆனா காலையில கண் முழிக்கறப்ப ஸ்தோத்திரம்னு சொல்ல முடியுது.

கண் முழிக்க வேணாம்னு நான் பண்ணின அந்த ஜெபத்தை உங்கள்லயும் யாராவது பண்ணிக்கிட்டு இருந்தா, ஆண்டவர்கிட்டயும் சொல்லுங்க, ஒரு மனுஷர்கிட்டயும் சொல்லுங்க. டாக்டர்கிட்ட போறது விசுவாசக் கொறை இல்ல. தனியா போகப் பயமா இருந்தா ஆராதனை முடிஞ்சதும் என்கிட்ட வாங்க. நான் கூட வர்றேன்.