நான் சொன்ன நல்ல சேதி

எங்கள் வீட்டு லேண்ட்லைனை நான் கேலி பேசாத நாளில்லை. "இதுக்குப் பில்லு கட்டுறதுக்கு ஒரு ஆட்டைப் புடிச்சு வளத்திருக்கலாம்" என்று வீட்டுக்காரரைக் குத்திக்கொண்டே இருப்பேன். புயல் அடித்த மறுநாள் கரண்டும் இல்லை, செல்போன் டவரும் இல்லை. ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊரில் வேலை செய்த ஒரே போன் அதுதான்.

வளைகுடாவில் இருந்த எங்கள் ஊர் ஆட்கள் எப்படியோ அந்த நம்பரைப் பிடித்துவிட்டார்கள். காலையிலிருந்து மணி ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: "தென்னையெல்லாம் போச்சு, ஆளுங்க நல்லா இருக்காங்க." தூரதேசத்தில் இருப்பவர்களுக்குக் கெட்ட சேதியைப் போனில் சொல்வது எங்கள் ஊரில் வழக்கமில்லை. தனியாக உட்கார்ந்து என்ன செய்வார்கள், பாவம்.

பக்கத்துத் தெருத் தம்பியும் கூப்பிட்டார். அம்மாவுக்கு ஒரே மகன், கல்யாணம் ஆகவில்லை. அந்த அம்மா மேல் சுவர் விழுந்து, இடுப்பை அசைக்க முடியாமல், புயலுக்கு ஊரார் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தார். வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் ஆம்புலன்ஸ் வர முடியவில்லை. அப்போதுதான் நான் போய்க் கஞ்சி ஊட்டிவிட்டு வந்திருந்தேன்.

"அக்கா, லீவு தர்றேங்குறாங்க. பொறப்பட்டு வரவா? அம்மா எப்புடி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க தம்பி. இப்பத்தான் கஞ்சி குடிச்சாங்க. ரோடே இல்ல, நீங்க வந்து என்ன செய்யப் போறீங்க?"

கஞ்சி குடித்தது உண்மை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறைத்துவிட்டேன். ரெண்டு நாளில் வழி திறந்துவிடும், ஆஸ்பத்திரிக்குப் போனால் சரியாகிவிடும் என்று நிஜமாகவே நம்பினேன்.

மூன்றாம் நாள் மதியம் அந்த அம்மா இறந்துபோனார். அருவாளோடு மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வழியைத் திறந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது.

அன்று ராத்திரி தம்பி மறுபடி கூப்பிட்டார். இந்த முறை மறைக்க எனக்கு வழியில்லை. "நான் வர்ற வரைக்கும் வச்சிருங்கக்கா" என்றார். ஐஸ் பெட்டி வைக்கக் கரண்டுக்கு எங்கே போவது? மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டார்கள்.

காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்டட்டும் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"நீங்க சொன்ன தைரியத்துலதான்க்கா அந்த ரெண்டு நாளும் தூங்குனேன்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பிப் போகிற அன்றைக்கு வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். "இனிமே எதா இருந்தாலும் உள்ளதச் சொல்லிருங்கக்கா." சரி என்றேன். யாரைப் பற்றிச் சொல்வது? அந்த வீட்டில் இனி யாரும் இல்லை.