வாயைப் பார்த்துப் படித்த பிரெஞ்சு

இந்த ஊர்ப் பேருந்தில் எதிரே இருப்பவர் வாயைப் பார்க்கக் கூடாது. முறைக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கோ அது ஊறிப்போன பழக்கம். கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் சோமனூரில் தறிக்குடோனில் நின்றவள் நான். தறி ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது. சண்டை, சமாதானம், மாப்பிள்ளை பார்த்த கதை எல்லாமே உதட்டசைவில்தான். நாலு தறி தள்ளி நிற்கும் என் அக்கா யாரைத் திட்டுகிறாள் என்பதுகூட எனக்குத் தெரிந்துவிடும்.

கல்யாணமாகிப் பிரான்சில் லியோனுக்கு வந்த மறுவருடம், தொண்ணூற்றேழில், ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஆள் எடுத்தார்கள். மொழி வகுப்பு ஆசிரியை சரியென்று சொன்னால்தான் வேலை. வீட்டில் அடைந்து கிடந்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அந்த வேலை எனக்கு வேண்டும்.

வினைச்சொற்களை அசை பிரித்துப் பென்சிலால் மேசையில் தட்டுவார் ஆசிரியை; அவரை எல்லோரும் மதாம் என்போம். 'நூ பார்-லோன்', நாங்கள் பேசுகிறோம், வினைக்கு இரண்டு தட்டு. 'இல் பார்ல்', அவர்கள் பேசுகிறார்கள், வினையை ஏழு எழுத்தில் எழுதிவிட்டு ஒரே தட்டு. பக்கத்திலிருந்த சரவணம்பட்டி இன்ஜினியர் 'பார்லென்ட்' என்றே படிப்பார். "எழுதியிருக்கறத உட்டுப்போட்டுப் படிக்கலாமுங்களா அம்மணி?" என்பார். நான் நோட்டைப் பார்ப்பதே இல்லை. மதாமின் வாய் எங்கே நின்றதோ அங்கே நானும் நிறுத்தினேன்.

ஒருநாள் மதாம் தன் காதைத் தொட்டுக்காட்டி, உரக்க, நிறுத்தி நிறுத்தி ஏதோ கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்து "வுயி, மெர்சி", ஆமாம், நன்றி என்றேன். அவர் நீட்டியது காது மருத்துவருக்கான கடிதம். எந்நேரமும் வாயையே பார்க்கும் காது கேளாதவளை இயந்திரத்தருகே எப்படி விடுவது என்பது அவர் கவலை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொல்லத்தான் பிரெஞ்சு போதவில்லை.

சலவைக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க மதாமோடு எங்கள் வகுப்பையும் அழைத்துப் போனார்கள். ஒரே இரைச்சல். கோடியிலிருந்த மேற்பார்வையாளர் என் பக்கம் பார்த்து ஏதோ கத்தினார். எல்லோரும் விழித்தார்கள். அ-ரெ-தே, நிறுத்துங்கள். மூன்று அசை, வாய் அங்கேயே நின்றது. என் பக்கத்து இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அதன் கதவிடுக்கில் ஒரு போர்வை சிக்கிப் புகைந்துகொண்டிருந்தது. மதாம் அந்தக் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கித் தம் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தேன்.

மாதம் ஒருமுறை அக்காவுக்குப் போன் செய்கிறேன். குடோனில்தான் போன் இருக்கிறது.

"ஏங்கண்ணு, சாப்டியா?" அதற்குமேல் தறிச்சத்தம்தான்.

இங்கே முன்பின் தெரியாதவர்கள் கண்ணாடிக்கு அப்பால் பேசினாலும் எனக்குப் புரிகிறது. அக்காவின் உதடு மட்டும் போனில் வருவதில்லை. "சரிக்கா, சரிக்கா" என்கிறேன். எதற்குச் சரி சொன்னேன் என்பது அவள் கடிதம் வந்தால்தான் தெரியும்.