சீப்பில் சிக்கிய செம்பட்டை முடி

ஜப்பான்காரன் காலத்தில்தான் எங்கள் தலையில் வெயில் விழுந்தது. அதுவரை பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மர நிழலிலேயே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ரப்பர் வாங்க ஆளில்லை, பொங்க அரிசியில்லை என்றானதும் பாதித் தோட்டத்தை வெட்டிச் சாய்த்து மரவள்ளி போடச் சொன்னார்கள். பொட்டல் வெளியில் நாளெல்லாம் களை பிடுங்கினோம். கொஞ்ச மாதத்திலேயே லயத்து வீடுகளிலிருந்த பிள்ளைகளின் முடியெல்லாம் சோளநார்போலச் செம்பட்டை பாய்ந்து, நுனி வெடித்து, சீப்பு பட்டாலே அறுந்து வந்தது.

என் முடி மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. சயாமில் ரயில் பாதை போட அப்பாவைப் பிடித்துக்கொண்டு போன அன்றே, அவர் உயிரோடு திரும்பினால் எனக்கு மொட்டை போடுவதாக அம்மா தோட்டத்து மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டிருந்தாள். ஆத்தாளுக்கென்று சொல்லிவிட்ட முடியை வெயிலுக்குக் கொடுக்கலாமா? துணிப் பஞ்சத்தில் வீட்டில் தலைக்குக் கட்ட மிஞ்சியிருந்தது ஒரே ஒரு துண்டு. காலையில் அதை என் தலையில் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் அம்மா காட்டுக்குக் கிளம்புவாள். நானும் பெரிய மனுஷிபோல மிதப்பாகத் திரிந்தேன்.

முடி கறுப்பாக இருக்கும்வரை அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எட்டு வயதில் நானே கண்டுபிடித்த சாஸ்திரம்.

ஒருநாள் காலை சீப்பில் நீளமாக ஒரு செம்பட்டை முடி சிக்கியிருந்தது. நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. முந்தின வாரம் வாய்க்காலில் மீன் பிடிக்கத் தலைத்துண்டை அவிழ்த்து வலையாக விரித்திருந்தேன். ஒரு மத்தியானம் முழுக்க வெறுந்தலை. பாவி, அப்பாவை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் ஆட்டுக் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

வேலைக்காட்டில் என்னைக் காணாமல் அம்மா தேடிக்கொண்டு வந்தாள். கையில் பொத்தி வைத்திருந்த முடியை நீட்டி, விம்மலோடு மீன் பிடித்த கதையையும் ஒப்பித்துவிட்டு, "அப்பா செத்துட்டாராம்மா?" என்று கேட்டேன். முதுகில் விழப்போகும் அடிக்குத் தயாராகவே இருந்தேன்.

அம்மா முடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அப்பா போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அடி கூறுகெட்டவளே, இது என் முடிடீ. ஒன்னோடது அப்படியேதான் இருக்கு. அப்பா வந்துருவாரு."

என் சடையை அவிழ்த்து ஒரு கொத்தைக் கண்ணெதிரே காட்டினாள். கறுப்பு, சுத்தக் கறுப்பு. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்தச் சந்தோஷத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் காட்டுக்கு ஓடினேன்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனபிறகு அப்பா வந்தார். எலும்பும் தோலுமாகத்தான், ஆனாலும் தன் காலாலேயே நடந்து வந்தார். அந்த வெள்ளிக்கிழமையே கோயிலில் எனக்கு மொட்டை. இலையில் குவிந்திருந்த என் முடியை அப்பா கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து அம்மாவின் தலையைப் பார்த்தார். அம்மா சட்டென்று முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். அப்பா தேம்பித் தேம்பி அழுதார்.

மொட்டை போட்டுக்கொண்டவள் நான். இவர் எதற்கு அம்மாவைப் பார்த்து அழுகிறார் என்று எனக்குக் கோபமாக வந்தது.