அண்ணன் பாடிய ஆல்பம்

என் அண்ணன் ஒரு ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான். முப்பது வருடமாக வாசிக்கிறான். அந்தக் குழுவின் பெயரைச் சொன்னால் நடுத்தர வயதுக்காரர்கள் இன்றைக்கும் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள்; அண்ணனைக் காட்டினால் யாரென்று கேட்பார்கள். அவன் உட்காரும் இடம் அப்படி. டிரம்ஸ் சத்தம் மற்றவர்களுடைய மைக்கில் போய் விழக் கூடாது என்று, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தடுப்பை அவனைச் சுற்றி ஆள் உயரத்துக்கு நிறுத்திவிடுவார்கள். மேடை வெளிச்சத்தில் அந்தத் தடுப்பைப் பார்த்தால், முன்னால் நிற்கும் பாடகரின் முதுகுதான் அதில் தெரியும். உள்ளே இருக்கும் அண்ணன் தெரிய மாட்டான்.

இத்தனைக்கும் அவன் பாட வந்தவன். குழு தொடங்கியபோது டிரம்ஸுக்கு ஆள் இல்லை. "ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ அடிச்சுட்டு இருடா" என்றார் பாடகர். யாரும் ஆள் தேடியதாக எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கும் கேட்க வாய் வரவில்லை.

தலை முழுக்க நரைத்த பிறகு, போன வருடம் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தான். "நானே பாடி ஒரு ஆல்பம் போடப் போறேன். டிரம்ஸே இருக்காது. அது நாலு பேருக்குப் பிடிச்சுப் போச்சுன்னா, அடுத்த டூருக்கு அந்தக் கூண்டுக்குள்ள போக மாட்டேன்" என்றான். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த இளகின நேரத்தில்தான் என் பின்னறையைக் கொடுத்துத் தொலைத்தேன்.

ஜன்னலை மெத்தை வைத்து அடைத்தார்கள். ஃபேன் போடக் கூடாது, குக்கர் வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் உறுமுகிறது என்று ஒலிப்பதிவுக்காரர் பிளக்கைப் பிடுங்குவார். திரும்ப மாட்டுவதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுவார். பால் திரிந்தால் யாருக்கென்ன? சொந்த வீட்டில் நான் திருடி மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தேன்.

முதல் பாட்டைப் பதிவு செய்து போட்டுக் கேட்டோம். ஒரு கிடார், அண்ணனின் குரல். கரகரத்த குரல்தான், ஆனால் நெஞ்சைப் பிடித்தது. கூடவே அடியில் ஏதோ தொம், தொம் என்று கேட்டது.

"மாடியில யாரோ எதையோ இடிக்கிறாங்க" என்றான் அண்ணன்.

ஒலிப்பதிவுக்காரர் அவனுடைய வலது காலைப் பார்த்தார். "சார், அது நீங்கதான்."

முப்பது வருடம் பெரிய டிரம்மை அடிக்கிற பெடலை மிதித்த கால். பாட்டு என்றால் தானாக மிதிக்கும், அவனுக்குத் தெரியவே தெரியாது. கம்பளம் விரித்துப் பார்த்தார்கள், தலையணை வைத்துப் பார்த்தார்கள். அதையும் மீறிக் கேட்டது. கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார வைத்தார்கள். கால் அடங்கியது, பாட்டு குட்டிச்சுவரானது. மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல் வரிகளை விழுங்கினான்.

"கம்ப்யூட்டர்ல அதை மட்டும் அழிச்சிடுங்களேன்" என்று கெஞ்சினான்.

"குரலோட ஒட்டிக்கிட்டு இருக்கு சார். அழிச்சா உங்க குரலும் கூடவே போயிடும்."

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றைக்குப் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள், "மெல்லத்தானே கேக்குது, யார் கவனிக்கப் போறாங்க?" என்று வந்து நின்றான். எங்களுக்கும் அலுத்துப் போயிருந்தது. சரி என்றோம்.

ஆல்பம் வெளிவந்தது. எல்லோரும் கவனித்தார்கள். குரல் பரவாயில்லை, ஆனால் அந்தக் காலடித் தாளம் இருக்கிறதே, அடடா என்று ஒரு விமர்சகர் எழுதினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். வானொலி நிலையத்தில் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். பேட்டி எடுத்த பெண் மேஜைக்கு அடியில் மைக்கை இறக்கிவிட்டு, "சார், கொஞ்சம் தட்டிக் காட்டுங்களேன்" என்றாள். தட்டினான், என்ன செய்வான் பாவம். திரும்பும் வழியில், "ஒரு பாட்டாவது போடுவாங்கன்னு நினைச்சேன்" என்றான்.

போன வாரம் பாடகர் ஃபோன் செய்தார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான். நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"டேய், ஆல்பம் கேட்டேன். பிரமாதம்டா! இத்தனை நாளா இதை எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?"

அண்ணனுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டான். "எந்தப் பாட்டு பிடிச்சுது?" என்றான்.

"அந்தக் கால்டா! இந்த டூர்ல நடுவுல எல்லா வாத்தியத்தையும் நிறுத்திடுவோம். நான் பாடுவேன், நீ கால் மட்டும். உன் காலுக்குன்னே தனியா ஒரு மைக் சொல்லிட்டேன்."

அண்ணனின் முகம் சுண்டிப்போனது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, கத்தியைப் போட்டுவிட்டு ஃபோனைப் பிடுங்கினேன். "அண்ணன் வாய்க்கும் ஒரு மைக் வைப்பீங்களா?"

பாடகர் விழுந்து விழுந்து சிரித்தார். "தங்கச்சி, உனக்கு இந்தக் கிண்டல் மட்டும் போகவே இல்ல!" கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. நான் நிஜமாகவே கேட்டிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவ சரியாத்தான் கேக்குறா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் வாயைத் திறந்தான். பிறகு அவனும் சேர்ந்து சிரித்தான்.

"இவ எப்பவுமே இப்படித்தான்டா" என்றான்.