சால்வைக்குள் போன கைகள்

தில்லியில் டிசம்பர் வந்துவிட்டால் யாருக்கும் கைகள் இருப்பதில்லை. எல்லாம் சால்வைக்குள் போய்விடும். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வங்கிக் கிளையின் வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நின்ற என் சித்தப்பாவை நடுங்க வைத்தது அதுதான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் இருந்ததால் கிடைத்த வேலை. கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார். காலையில் அவரோடு கிளம்பும் துப்பாக்கி மாலையில் அவரோடு திரும்பி, என் புத்தக அலமாரியில் சாய்ந்து நிற்கும்.

அந்தக் குளிரில் வேறொரு கிளையில் கொள்ளையர்கள் காவலாளியைச் சுட்டுக் கொன்றார்கள். மேனேஜர் சித்தப்பாவை அழைத்து, "முகத்தைப் பார்க்காதே, கையைப் பார்" என்றாராம். அன்றிலிருந்து கைகளை மட்டுமே பார்த்தார். காலை முதல் மாலை வரை, மாற்றாள் இல்லாமல். தட்டை நீட்டும் என் கையைக்கூட ஒரு கணம் பார்த்த பிறகே சாப்பாட்டை வாங்குவார். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில் அவருடைய ஆட்காட்டி விரல் மட்டும் மடங்கி மடங்கி நிமிரும். இன்றும் தில்லி துவாரகாவில், எங்கள் அடுக்குமாடி சொசைட்டி கேட்டில் நிற்கும் காவலாளி சலாம் வைக்கும்போது, என் கண் அவர் விரலுக்குத்தான் போகிறது.

ஒரு நாள் காலை தோட்டாக்களை அம்மாவிடம் நீட்டினார்.

"அண்ணி, இத நீங்களே வச்சிக்கங்க. நேத்து ஒரு பெரியவரு சால்வைக்குள்ளேர்ந்து பாஸ்புக்க உருவினாரு. சுட்டிருப்பேன்."

"வெறுந்துப்பாக்கியோட நிப்பியா? நெசமாவே எவனாச்சும் வந்துட்டா?"

"வந்தா நான் ஒருத்தன்தான சாவேன்."

அம்மா அவற்றை அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். எனக்கு அரிசி அளக்கவே பயம். அவர் சாகக்கூடாது, யாரையும் சாகடிக்கவும் கூடாது, வேலையும் போய்விடக்கூடாது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டிருந்தேன்.

கல்லூரி விண்ணப்பத்துக்கு டிராஃப்ட் எடுக்க நான் சித்தப்பாவின் கிளைக்குப் போன மதியம், டீக்காரன் அவரைச் சீண்டிக்கொண்டிருந்தான்: "அரே ஃபௌஜி, பட்டாளத்துக்காரரே, இது வெடிக்கவும் செய்யுமா, இல்ல கல்யாண ஊர்வலத்துல அலங்காரத்துக்கா?" வரிசையில் ஒருவர் தும்மினார். கைக்குட்டைக்காகச் சால்வைக்குள்ளிருந்து கை வெடுக்கென்று வெளியே வந்தது. துப்பாக்கி எழுந்தது.

க்ளிக்.

முத்திரை குத்தும் சத்தத்தில் அது வேறு யாருக்கும் கேட்கவில்லை. அந்த மனிதர் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னே நகர்ந்தார். நான் ஓடினேன். "நல்லவேள சித்தப்பா, தோட்டா இல்ல."

அவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார். "இல்லன்றது எனக்கு ஞாபகமே இல்ல, பாப்பா."

நேராக மேனேஜர் அறைக்குப் போனார். துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரண்டு வெற்றுக் குழல்களையும் காட்டினார். விசையை இழுத்ததையும் சொன்னார். வெறுந்துப்பாக்கியோடு காவல் நின்றதற்காக அங்கே கத்தினார்கள். அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசையை இழுத்ததற்கோ மேனேஜர் கையை மட்டும் அசைத்தார்:

"குச் ஹுவா தோ நஹீ. ஒன்றும் ஆகவில்லையே."